டெனார் வரிசையில் வயலட்

அந்தப் பையை மிதிச்சிராதீங்க தம்பி. இல்ல இல்ல, சாப்பாடு இல்ல. பாட்டுத் தாளு. என் வீட்டுக்காரி மறந்து வச்சிட்டுப் போயிட்டா. முப்பத்தோரு வருஷத்துல அவ ஒரு தீப்பெட்டியைக்கூட மறந்து வச்சது கிடையாது. இன்னைக்கு நாகர்கோவில்ல பாட்டு, இன்னைக்குப் பாத்து மறந்துட்டா. அதுவும் எங்கன? சாப்பாட்டு மேசையில, என் காபி டம்ளருக்கு அடியில. டம்ளரைத் தூக்கினா தாளு கிடக்கு.

நீங்க எங்க இறங்கணும்? முப்பந்தலா? கரண்டு எடுக்க காத்தாடியில வேலையா? சரி சரி. அப்போ ஒன்றரை மணி நேரம் இருக்கு, இந்த பஸ் எல்லா ஊர்லயும் நின்னுதான் போகும். காதுல அந்த வயரை மாட்டணும்னா மாட்டிக்கிடுங்க, நான் தப்பா நினைக்க மாட்டேன். ஆனா சொல்லிட்டேதான் வருவேன். மூணு வாரமா வீட்டுல யார்கிட்டயும் பேசல பாத்துக்கிடுங்க. வீட்டுல இருக்கதே ரெண்டு பேரு. அதுல ஒருத்திகிட்டதான் பேசாம இருக்கேன்.

என் பேரு பொன்ராஜ். பாளையங்கோட்டையில ஒரு ஸ்கூல்ல கெமிஸ்ட்ரி லேப் அசிஸ்டெண்டா இருந்து ரிட்டயர் ஆனவன். அது சோத்துக்கு. உள்ளபடி நான் யாருன்னு கேட்டா, டெனார். இருபத்திரண்டு வருஷமா டெனார். அப்படின்னா என்னன்னு முழிக்கீங்க. சொல்லுதேன்.

எங்க கொயர் கோயில் கொயர் இல்ல தம்பி. அதுல எழுபது பேர் நிப்பாங்க, ஆர்கன் போட்டு ஒரு அமுக்கு அமுக்கிரும், பாதிப் பேரு வாயை மட்டும் அசைச்சாலும் ஒருத்தனுக்கும் தெரியாது. எங்களது சின்னது. பதினாறே பேரு. வாத்தியம் கிடையாது, வெறும் தொண்டைதான். நாலு வரிசையா நிப்போம். பொம்பளையாளு ரெண்டு வரிசை, ஆம்பளையாளு ரெண்டு வரிசை. ஆம்பளைல மேல்குரல் டெனார், கீழ்க்குரல் பேஸ். யாருக்கும் இது பொழப்பு கிடையாது. ஒருத்தர் டயர் கடை, ஒரு அம்மா நர்சு, ஒருத்தர் பேங்க்ல கேஷியர். எல்லாம் ஆசைக்குப் பாடுதது. சனிக்கிழமை நாலரை மணிக்கு ஒரு நர்சரி ஸ்கூல்ல பிராக்டீஸ். எல்கேஜி பிள்ளையள் உக்காரும்லா, அந்தக் குட்டி பெஞ்சு. அதுல முட்டி நெஞ்சுல இடிக்க உக்காந்து, சுவத்துல அணில், ஆடுன்னு படத்தைப் பாத்துக்கிட்டே பாடணும்.

நடத்துதவர் லிவிங்ஸ்டன் சார். தங்கமான மனுஷன்னு போன வருஷம் வரைக்கும் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

டெனார்ல நாங்க நாலு பேரு. போன வருஷம் ஒருத்தர் மகன்கூட இருக்கணும்னு பெங்களூர் போயிட்டாரு. இன்னொருத்தருக்குத் தொண்டையில ஆபரேஷன். மிச்சம் நானும் செல்வின்னு ஒரு ஆளும். செல்வினைப் பத்திப் பெறவு சொல்லுதேன். அந்த ஆளைப் பத்தியும் கொஞ்சம் இருக்கு.

எனக்கும் ஜனவரில லேசா நெஞ்சுச் சளி. பத்து நாள் ஆஸ்பத்திரியில போட்டுட்டாங்க. சும்மா சளிதான். திரும்பி வந்து ரெண்டாவது வாரமே பிராக்டீஸ் போயிட்டேன். குரல் அப்படியே கணீர்னு இருந்துச்சு. நானே கேட்டேன்லா.

அந்தச் சமயத்துல ஒருநாள் லிவிங்ஸ்டன் சார் வீட்டுக்கு வந்தாரு. நான் குளிச்சிட்டு இருந்தேன். துண்டோட வெளிய வந்தா, அவரும் வயலட்டும், வயலட்டு என் வீட்டுக்காரி, சமையக்கட்டு வாசல்ல நின்னு குசுகுசுன்னு பேசிக்கிட்டு இருக்காங்க. அரைமணி நேரம் பேசியிருக்காங்க தம்பி, காபி டம்ளர் காஞ்சு போய்க் கிடக்கு. என்னைப் பாத்ததும் பேச்சு நின்னுட்டு. "உடம்பு எப்படி இருக்கு பொன்ராஜ்"ன்னாரு. "எனக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கேன்"ன்னேன். ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்தாங்க.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் நான் செருப்பை மாட்டுதேன், இவளும் சேலை மாத்தி, தலையில பூ வச்சு, கைப்பையோட வந்து நிக்கா. "ஏளா, எங்க கிளம்பிட்ட?"ன்னேன். "கொயருக்குத்தாங்க. சார் வரச் சொன்னாரு"ங்கா.

எனக்குச் சிரிப்பாணி அடக்க முடியல. கோயில்ல பக்கத்துல நிக்கவங்களுக்கே கேக்காம பாடுதவ அவ. கட்டைக்குரல் வேற. போன் எடுத்து அலோன்னா, அந்தப் பக்கம் "வணக்கம் சார்"ம்பான். இவளை எங்க கொண்டு போய் நிறுத்துவாரு? சரி, வரட்டும், ஒருநாள் முழிச்சிட்டுத் திரும்பிருவான்னு ஸ்கூட்டர்ல ஏத்திக்கிட்டுப் போனேன்.

எங்க கொயர்ல புதுசா ஆள் சேந்தா ஒரு சோதனை உண்டு. அவங்க ஒரு குரலைப் பாடணும், லிவிங்ஸ்டன் சார் அவங்க காதுகிட்ட வந்து வேற குரலைச் சத்தமாப் பாடுவாரு. சாயாம பாடினா பாஸ். பெரிய பெரிய ஆளெல்லாம் கவுந்திருவான். நானே ரெண்டாவது தடவைலதான் பாஸ் ஆனேன். அன்னைக்கு மழை வேற.

சார் கேட்டாரு, "என்ன பாடுதீங்க மதினி?" இவ சொல்லுதா, "டெனார் பாடுதேன் சார். அதுதான் தெரியும்."

பொம்பளை தம்பி! டெனார்! எல்லாரும் சிரிப்பாங்கன்னு சுத்தியும் பாத்தேன், ஒருத்தர் சிரிக்கல. பாடினா. சார் காதுல கத்துதாரு, இவ அசையல. கண்ணை மூடிக்கிட்டு, என்னமோ அரிசி களையுத மாதிரி நிதானமாப் பாடிட்டு நிக்கா. முழுப் பாட்டும். தாளே பாக்கல. எனக்கு உள்ளங்கால்ல இருந்து எரிஞ்சிட்டு வந்துச்சு. எங்க படிச்சன்னு கேட்டா, "இருபத்திரண்டு வருஷமா நீங்க வீட்டுல பாடுதீங்க, நான் தோசை சுட்டுக்கிட்டே கேக்கேன்லா"ங்கா. அப்போ அது என் பாட்டுதான? என்கிட்ட இருந்து எடுத்ததுதான? அதை ஒருத்தராவது சொல்லணும்லா? எல்லாரும் கையைத் தட்டுதாங்க. செல்வின் மட்டும் அஞ்சு தடவை "அருமை அருமை"ன்னாரு. எண்ணினேன்.

அவளைக் கொண்டு வந்து எனக்கும் செல்வினுக்கும் நடுவுல நிறுத்தினாரு சார். புது ஆளு, எனக்குப் பக்கத்துல நின்னாத்தான் பிடிச்சுக்கிடுவான்னு நிறுத்தினாரு. வேற என்ன காரணம் இருக்க முடியும்?

கொஞ்சம் இருங்க... இருமல் ஒண்ணும் இல்ல. தூசி. நாங்குநேரி தாண்டினாலே இப்படித்தான் தூசி. தண்ணி இருக்கு என்கிட்ட. அவ பிளாஸ்க்ல வெந்நி ஊத்தி வாசல்படிக்கிட்ட வச்சிட்டுப் போயிருந்தா, அதையும் மறந்துட்டான்னு நினைக்கேன். எடுத்துட்டு வந்தேன். 

எங்க விட்டேன்? ஆங், பக்கத்துல நிறுத்தினது. அதுக்கு முந்தி மூச்சு. அதைச் சொல்லாட்டி உங்களுக்கு விளங்காது. நீட்டுப் பாட்டு வரும்போது நடுவுல அறுந்துரக் கூடாது. ஒருத்தனால அம்புட்டு நேரம் இழுக்க முடியுமா? முடியாது. அதனால ஒரே வரிசையில நிக்கவங்க பேசி வச்சுக்கிட்டு மூச்சு எடுக்கணும். நான் எடுக்கும்போது நீங்க எடுக்கப்படாது, நீங்க எடுக்கும்போது நான் எடுக்கப்படாது. கேக்கவங்களுக்கு ஒரே இழுப்பா இருக்கும். மாத்து மூச்சுன்னு சொல்லுவோம். தாள்ல குறிச்சு வைக்கணும். நம்ம மூச்சு எடுக்க இடத்துக்குக் கறுப்புப் பென்சில். பக்கத்தாளு எடுக்க இடத்துக்குச் சிவப்பு. சிவப்பைப் பாத்தா, செத்தாலும் சரி, அங்கன மூச்சு விடப்படாது, தாங்கிப் பாடணும்னு அர்த்தம். எங்க கொயர்ல புது ஆளுக்கு முதல்ல குடுக்கதே ரெண்டு பென்சில்தான்.

நான் சிவப்பைத் தொடுததே இல்ல. பக்கத்துல நிக்கவன் என்னைப் பாத்துல்ல எடுக்கணும்? நான் சீனியர். என் தாள்ல கறுப்புல ஆறு இடம். பாட்டு முழுக்க ஆறே மூச்சு. 

இவ வந்ததுல இருந்து எனக்கு நிம்மதி போச்சு தம்பி. பொறாமையான்னு கேக்கீங்களா? ஆமா, பொறாமைதான். வயிறு எரியுது, ஒளிக்கதுக்கு என்ன இருக்கு? எல்லாத்துக்கும் "வயலட் அக்கா, வயலட் அக்கா". ஃபேனுக்குக் கீழ இருந்த என் இடம் அவளுக்கு. நர்சம்மா அவளுக்குன்னு முறுக்கு கொண்டு வாறா, எனக்கு அதுல உடைஞ்சது. செல்வின் அவ பையை வாங்கிப் பிடிச்சுக்கிடுதாரு. முடி பூரா மை பூசினவரு, பொண்டாட்டி செத்து நாலு வருஷம் ஆச்சு. "மேடம், உங்க மூச்சு எம்புட்டு நீளம்! எப்படி மேடம்?"ங்காரு. ஒரு பொம்பளையைப் பாத்துக் கேக்க கேள்வியா இது? இவ சொல்லுதா, "நாலு குடம் தண்ணி மாடிக்குத் தூக்கின உடம்பு சார்"ன்னு. ரெண்டு பேரும் சிரிக்காங்க. எங்க வீட்டு மாடிக்கு அவ தண்ணி தூக்கினது இவருக்கு எதுக்கு?

பிராக்டீஸ் முடிஞ்சு வீட்டுக்கு வந்தாலும் விடமாட்டா. முன்னாடியெல்லாம் நான் பாடினா வீட்டுல குக்கர் சத்தம்தான் கேக்கும். இப்போ நான் ஆரம்பிச்சா அவளும் உள்ள இருந்து சேந்துக்கிடுதா. நான் நிறுத்தினா அவ நிறுத்த மாட்டேங்கா. 

மூணு வாரத்துக்கு முன்னாடிதான் அது நடந்துச்சு. நாகர்கோவில்ல இன்னைக்கு அஞ்சு ஊர்க் கொயர் சேந்து பாடுது. எங்க பாட்டு லிவிங்ஸ்டன் சாரே எழுதினது, எல்லாரும் சேருத பாகத்தை முன்னாடியே பழகியாச்சு. ஆரம்பத்துல நாலு வரி டெனார் தனியாப் பாடணும், பெறவு எல்லாரும் சேரணும். சார் எழுதின பாட்டு எல்லாத்துலயும் டெனார் தனிவரி என்னோடதுதான். பதினோரு வருஷமா. கேக்கவே வேண்டாம். நான் எந்திரிச்சுத் தொண்டையைச் செருமுதேன், சார் தரையைப் பாத்துக்கிட்டே சொல்லுதாரு, "இந்தத் தடவை மதினி பாடட்டும் பொன்ராஜ்."

எப்படி இருக்கும்? சொல்லுங்க. உங்க காத்தாடியில நீங்க இருபத்திரண்டு வருஷம் ஏறி இறங்கி, திடீர்னு உங்க சம்சாரம் வந்து நாளைல இருந்து நான் ஏறுதேன்னா? கல்யாணம் ஆகலையா? ஆகட்டும், அப்போ தெரியும்.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். "இவளுக்கு மூச்சே கிடையாது சார்! இத்தனை மாசமா இவளை நான்தான் தாங்கிட்டு இருக்கேன். நான் ஒருநாள் நிறுத்தினா தெரியும் இவ வண்டவாளம்!"

டயர் கடைக்காரரு இருமினாரு. நர்சம்மா சுவத்துல அணில் படத்தைப் பாக்கா. செல்வின் வாயைத் திறந்து, "பொன்ராஜ் சார், உங்களுக்கு ஒண்ணு தெரியுமா"ன்னு ஆரம்பிச்சாரு. வயலட்டு டக்குனு, "சார், விடுங்க"ன்னா. லிவிங்ஸ்டன் சாரும் என்னமோ சொல்ல வந்தாரு. "வேண்டாம் சார். அவங்களை விடுங்க. நான் கேட்டுக்கிடுதேன்"ன்னா. சொல்லிட்டுக் குனிஞ்சு பென்சிலைச் சீவ ஆரம்பிச்சிட்டா. உண்மையைப் போட்டு உடைச்சதும் வெக்கம், நிமிர முடியல. அப்படித்தான நினைக்கத் தோணும்?

இனிமே இந்தப் பக்கம் வரமாட்டேன்னு தாளைக் கிழிச்சுப் போட்டுட்டு வந்துட்டேன். ஸ்கூட்டரையும் எடுத்துட்டு வந்துட்டேன். அவ ஆட்டோவுல வந்தா. வந்து தோசை சுட்டா. நான் பேசல. மூணு வாரம் ஆச்சு, பேசல. டெனார்ல ஆள் குறையுதுன்னு பேஸ்ல இருந்து ஒருத்தரைக் கொண்டு வந்து, செல்வினை நகத்தி அவளுக்கு இந்தப் பக்கம், நான் நின்ன இடத்துல நிறுத்திட்டாங்கன்னு கேள்வி. எங்க கேள்விப்பட்டேன்னா, நான்தான் டயர் கடைக்குப் போய்க் கேட்டேன். சும்மா ஸ்கூட்டருக்குக் காத்து அடிக்கப் போன இடத்துல.

இன்னைக்குக் காலைல எட்டு மணிக்கு வேன். அவ கிளம்பும்போது நான் பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தேன். "போயிட்டு வாரேங்க"ன்னா. நான் திரும்பல. வேன் போன பெறவு பாத்தா, மேசையில தாளு. அங்க போய் இவ தாள் இல்லாம நிக்கணுமா? ஊர் மானம் போகும். அதான் கொண்டு போறேன். குடுத்துட்டு அடுத்த பஸ்ஸுல திரும்பிருவேன். 

என்ன பாக்கீங்க? இந்தச் சட்டையா? ஆமா, வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேன்ட், இது கொயர் யூனிபாரம்தான். அவசரத்துல வேற சட்டை ஒண்ணும் கிடைக்கல. இது மட்டும்தான் தேச்சு ஆணியில தொங்குச்சு.

இந்தா, தாளைப் பாருங்க. நானும் இன்னும் பிரிக்கல. பிரிச்சுப் பாப்போம், அம்மா என்னத்தக் குறிச்சு வச்சிருக்கான்னு... அடக் கொடுமையே! பாருங்க தம்பி, பக்கம் பூரா சிவப்பு! அம்மை போட்ட மாதிரி இருக்கு. இது என்ன, வார்த்தைக்கு நடுவுலயெல்லாம் குறி போட்டிருக்கா! "நிழல் தந்து நெடுவழி நடந்தவரே"ன்னு ஒரு வரி. "நெடு"வுக்குப் பெறவு ஒரு சிவப்பு. "நடந்த" ஒரு சிவப்பு, "வரே". எந்தப் பைத்தியக்காரன் அங்கன மூச்சு எடுப்பான்? நான் சொன்னேன்லா, இவளுக்கு மூச்சே கிடையாதுன்னு. கலரையும் மாத்திப் போட்டிருக்கா. கறுப்புல போட வேண்டியதைச் சிவப்புல போட்டிருக்கா. கறுப்பு எத்தனை... ஒண்ணு, ரெண்டு... மூணு. மூணே மூணு. சிவப்பு, எண்ணுங்க நீங்களே. பத்தொம்பதா? பாத்தீங்களா!

பாடவா? இங்கயா? பஸ்ஸுலயா? சரி, மெதுவாப் பாடுதேன். இதெல்லாம் எப்படிப் பாடணும்னு நீங்களும் தெரிஞ்சுக்கிடுங்க. தாளை நீங்க பிடிச்சுக்கிடுங்க, எனக்குத் தாள் வேண்டாம்.

நிழல் தந்து நெடு... வழி நடந்த... வரே...

என்ன? எதுக்கு விரலை வைக்கீங்க? எந்த இடம்? நான் அங்கன மூச்சு எடுத்தேனா? எடுக்கலயே. இருங்க, தூசி. தண்ணி குடிச்சிட்டுப் பாடுதேன். இப்பப் பாருங்க.

நிழல் தந்து நெடு...

...

இருங்க. அந்தத் தாளை இப்படிக் குடுங்க.

...

இந்த மூணாவது பக்கம். "வாடாமல்"ங்க வார்த்தை, "வா"வுக்குப் பெறவு சிவப்பு. ஒரு பிராக்டீஸ்ல அந்த இடத்துல எனக்கு நெஞ்சு அடைச்சுச்சு. ஒருத்தருக்கும் தெரியலன்னு நினைச்சேன். பாட்டு அறுந்து போகலையே, எப்படித் தெரியும்னு நினைச்சேன். இவதான் தாங்கியிருக்கா. சாரும் இவளும் அரைமணி நேரம் சமையக்கட்டு வாசல்ல இதைத்தான் பேசியிருக்காங்க. கடைசிப் பக்கத்துல பாருங்க, இந்தச் சிவப்பு வட்டம். என்னமோ எழுதியிருக்கா, கண்ணாடி இல்லாமத் தெரியல, நீங்க படிங்க. 

"இங்க இவங்க இருமுவாங்க."

ம்.

மத்த எல்லாருக்கும் தெரியும் போலுக்கு தம்பி. எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியாது. அத்தனை பேர் முன்னாடி நான் சொன்னேனே, நான்தான் தாங்குதேன்னு. அவ பென்சிலைச் சீவிக்கிட்டு இருந்தா. சிவப்புப் பென்சிலு. இப்ப ஞாபகம் வருது. 

முப்பந்தல் வந்துட்டா? இறங்குங்க, இறங்குங்க, கண்டக்டர் விசில் அடிச்சிருவான். இருங்க, ஒரு நிமிஷம். என் காலர் நேரா இருக்கா? பின்னாடி? சரி.

தனிவரியை அவளே பாடட்டும். நாலு வரிதான, போனாப் போகுது. ஆனா இந்தப் பத்தொம்பது இடமும் எனக்குன்னு வச்சது தம்பி. அவ அங்கனயெல்லாம் மூச்சு விடாமப் பழகிட்டா. இப்ப அந்தச் செல்வின் அங்கன நின்னுக்கிட்டு, அவ தாங்குத நேரத்துல நல்லா சொகமா மூச்சு எடுப்பான். விடுவேனா? அவ பக்கத்துல போய் நின்னு, அந்த ஆளைத் தள்ளி நில்லுங்கன்னு சொல்லிட்டு, பத்தொம்பதையும் நான்தான் எடுப்பேன். கடைசிப் பக்கத்துல இருமவும் செய்வேன்.